நிழலைப் படிக்கும் முன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஏதேனும் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, சாணார்பட்டி என நாற்றிசையிலிருந்தும் வந்து இறங்குவோரில் சிலரது கையில் பெரிய காகித உறை ஒன்று இருக்கும். மடங்கிவிடுமோ என்ற அச்சத்தில் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். சிலர் உள்ளிருக்கும் படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். கறுப்பும் வெளுப்புமாய் ஏதோ தெரியும், என்னவென்று விளங்காது. படம் மீண்டும் உறைக்குள் போய்விடும்.

அந்த உறை மாலையில் வந்து சேரும் இடங்களுள் ஒன்று நம் வீட்டுத் திண்ணை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். ரேஷன் கடை மனு, வங்கிப் படிவம், பட்டா நகல் ஆகியவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு ஏற்கெனவே நம் தலையில் இருக்கிறது. அந்த வரிசையில் எக்ஸ்ரே படமும் சேர்ந்துவிட்டது. "நீதான் பி.எஸ்ஸி. படிக்கிறியே, இதுல என்னா இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்று பக்கத்து வீட்டு அத்தை நீட்டும்போது மறுக்க மனம் வருவதில்லை. ஊரில் இருப்பவர்களோ கைப்பேசியிலேயே படத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதே என் கேள்வி. படத்தைப் பார்த்து நாமே பொருள் சொல்வது அதற்கு வழியன்று என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்ரே படம் தானாகப் பேசாது. நோயாளியின் வாய்மொழியோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. அந்த வாய்மொழியைச் சிதையாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே படித்த பிள்ளைகளாகிய நம்முடைய வேலை. காது, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறேன். காற்றும் எலும்பும் சதையும் நெருக்கமாகக் கலந்து கிடக்கும் இடம் அது. நிழல் அதிகமாக ஏமாற்றும் இடமும் அதுவே.

நிழற்கூத்து

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8. ஜெர்மனி நாட்டின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் கறுப்புத் தாளால் மூடிய மின்னிறக்கக் குழாயை இயக்கியபோது, சற்றுத் தள்ளியிருந்த திரை ஒன்று ஒளிர்வதைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 22-இல் தம் மனைவியின் கையை அந்தக் கதிர்களால் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராமல் உலகுக்கே விட்டுவிட்டார் அந்தப் பெருந்தகை. நம் மாநிலத்துக்கும் இக்கலை புதிதன்று; சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-லேயே தொடங்கப்பட்டுவிட்டது.

எக்ஸ்ரே படத்தை நாம் புகைப்படம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது நிழல். கதிரைப் பொருள்கள் உட்கவர்வது அவற்றின் அணு எண்ணைப் பொறுத்தது என்று வகுப்பில் படிக்கிறோம். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. சதையில் மிகுந்துள்ள கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8. ஒளிமின் உட்கவர்தல் அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், எலும்பு கதிரைத் தடுத்துப் படத்தில் வெண்மையாக விழுகிறது. காற்று கதிரை விட்டுவிடுவதால் கறுப்பாகிறது. கொழுப்பு கருஞ்சாம்பல். நீரும் சதையும் வெளிர்சாம்பல். உலோகம் பளிச்சென்ற வெள்ளை. ஒரு சாதாரண எக்ஸ்ரே படம் அறிந்த நிறங்கள் இவ்வளவே.

சிக்கல் எங்கே வருகிறது? சளி, சீழ், இரத்தம், வீங்கிய சவ்வு, கட்டி என நமக்கு வெவ்வேறாகத் தோன்றும் பொருள்கள் அத்தனையும் எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். அதோடு, முன்னே இருக்கும் நெற்றியும் பின்னே இருக்கும் பிடரியும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. தோற்பாவைக் கூத்தில் இரண்டு பாவைகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரண்டு தலை, நான்கு கை உள்ள ஓர் உருவம் தோன்றுமல்லவா? கூத்தின் கதை தெரிந்தவர் மயங்குவதில்லை. தெரியாதவர் பூதம் என்பார். எக்ஸ்ரே படத்திலும் கதை தெரிந்தவரே உருவங்களைப் பிரித்தறிய முடியும்.

யாருக்கு இல்லை சைனஸ்?

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. தோல் ஷாப்பில் வேலை செய்பவர், நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் நிற்பவர், புகையிலைக் குடோனில் கட்டு அவிழ்ப்பவர் என எல்லாருக்கும் தலைவலி வந்தால் பெயர் ஒன்றுதான். உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரன்று, உறுப்பின் பெயர். கன்னத்தின் உள்ளே, நெற்றியில், இரு கண்களுக்கு இடையே, மூக்கின் பின்புறம் மண்டையோட்டின் அடியில் என நான்கு இணைக் காற்றறைகள் நம் எல்லாருக்கும் உண்டு. அவற்றின் சவ்வு அழன்று வீங்குவதே சைனுசைட்டிஸ் என்னும் நோய்.

கன்னக் காற்றறைகளைப் பார்க்கப் பெரிதும் எடுக்கப்படுவது 'வாட்டர்ஸ்' நிலைப் படம். வாட்டர்ஸ், வால்ட்ரன் என்ற இருவர் 1915-இல் எழுதிய கட்டுரையால் அது பரவியது. நோயாளி முகவாயைத் தகட்டில் பதித்து மூக்கைச் சற்றே விலக்கி அண்ணாந்து நிற்க வேண்டும். ஏன் அண்ணாந்து? தலையை நேராக வைத்தால் காதுப்புறத்துக் கெட்டி எலும்பின் நிழல் கன்ன அறையின்மேல் விழுந்துவிடும். அண்ணாந்தால் அந்நிழல் கீழே இறங்கிவிடும். நெற்றி அறைக்கு இன்னொரு நிலை உண்டு. அதன் பெயர் 'கால்டுவெல்' நிலை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம்! இவர் அமெரிக்க மருத்துவர். கதிர்களோடு பழகியே உடலைப் பறிகொடுத்து 1918-இல் உயிர்நீத்தவர்.

இனி, இப்படங்களில் உள்ள கண்ணிகளைப் பாருங்கள். சொம்பைச் சாய்த்தாலும் அதிலுள்ள நீரின் மேல்மட்டம் தரைக்கு இணையாகவே நிற்கும். அதுபோல் காற்றறையில் சீழோ நீரோ தேங்கியிருந்தால், நோயாளியை நிற்கவோ உட்காரவோ வைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தும்போது ஒரு நேர்கோடு தெரியும். அதே ஆளைப் படுக்க வைத்து எடுத்தால் நீர் பரவிக் கோடு மறைந்து அறை முழுதும் சாம்பலாகிவிடும். தலை சற்றே ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும் ஒரு கன்னம் இருண்டும் மற்றது வெளுத்தும் தோன்றும். சிறு குழந்தைக்கு நெற்றி அறை படத்தில் தெரியாது. ஏறத்தாழ ஆறு, ஏழு வயதுக்குப் பிறகே அது தென்படத் தொடங்குகிறது. பெரியவர்களிலும் சிலருக்கு ஒரு பக்க அறை வளராமலே இருப்பதுண்டு. நோயே இல்லாத இடத்தில் நோயைக் காட்டுவதற்கு இவ்வளவு வழிகள் உள்ளன.

சரி, சாம்பல் நிறம் உண்மையிலேயே சவ்வு வீக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். உடனே மாத்திரை எழுத வேண்டுமா? 1994-இல் அமெரிக்காவில் சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87 விழுக்காட்டினருக்குக் கன்னக் காற்றறையில் மாறுதல் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து, கிருமிக்கொல்லி மருந்து ஏதுமின்றியே பெரும்பாலோருக்கு அது மறைந்தோ குறைந்தோ போயிற்று. ஆக, ஜலதோஷத்தின் மூன்றாம் நாள் எடுக்கும் படத்தில் ஏதேனும் தெரிவதே இயல்பு. படத்தை மட்டும் நம்பினால் ஜலதோஷம் வந்தோர் எல்லாரும் கிருமிக்கொல்லி விழுங்க வேண்டியதுதான்.

மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. தமக்கு இருப்பது சைனஸ் தலைவலியே என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தவை ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். இதை வெளிச்சமிட்டுக் காட்ட எந்தப் படத்தாலும் இயலாது. வலி ஒரு பக்கமா, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதா, குமட்டல் உண்டா, மாதத்தில் எத்தனை முறை, தாயாருக்கும் இப்படி வருமா என்ற கேள்விகளாலேயே அது வெளிப்படும். எக்ஸ்ரே கருவி கேள்வி கேட்காது.

புளியங்கொட்டையின் பாடம்

எக்ஸ்ரேயைக் குறை கூறுவது என் நோக்கமென்று யாரும் கருதிவிட வேண்டாம். அது உயிர் காத்த கதைகள் ஏராளம். குழந்தை நாணயத்தை விழுங்கிவிட்டால், முன்பக்கப் படத்தில் முழு வட்டமாகவும் பக்கவாட்டுப் படத்தில் மெல்லிய கோடாகவும் தெரிந்தால் அது பெரும்பாலும் உணவுக்குழலில் இருக்கிறது என்பது மருத்துவர்கள் கையாளும் விதி. வட்டத்தின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரிந்தால் எச்சரிக்கை! அது நாணயமல்ல, கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் மின்கலமாக இருக்கலாம். அது சிக்கிய இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழலின் சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். இந்த இடத்தில் எக்ஸ்ரேயைவிட உற்ற தோழன் வேறில்லை.

ஆனால் உலோகத்துக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. வேர்க்கடலை, புளியங்கொட்டை, பிளாஸ்டிக் துண்டு போன்றவை கதிரைத் தடுப்பதில்லை. சதையின் சாம்பலோடு சாம்பலாய்க் கலந்துவிடும். சிறிய மீன்முள் பல வேளைகளில் தெரியாது. வயதானவரின் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ இல்லாத முள் இருப்பதுபோல் தெரியும். குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தால், தொண்டையின் பின்சுவர் தடித்து உள்ளே சீழ் கட்டியதுபோல் காட்டும். அழுகை ஓய்ந்து குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது எடுத்தால் அந்தத் தடிப்பு மறைந்துவிடும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நத்தம் பக்கம் புளி உலுக்கும் பருவம் வந்தால் எங்கள் தெருப் பெண்கள் கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தை அந்தக் குவியலருகே விளையாடிக்கொண்டிருந்தபோது திடீரென்று மூச்சு முட்ட இருமிற்று. முதுகில் தட்டினார்கள், அடங்கிவிட்டது. எல்லாரும் மறந்தும் போனார்கள். ஒரு வாரம் கழித்து இருமலும் காய்ச்சலும் வந்தன. ஓரிடத்தில் மார்புப் படம் எடுத்தார்கள். "படம் நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல" என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கூட்டத்தின் நடுவே எங்கும் நடக்கக்கூடியதே. காய்ச்சல் தணிவதும் திரும்புவதுமாக மூன்று வாரம் ஓடிற்று. படம் நன்றாக இருக்கிறது என்ற ஒரு சொல்லே அந்தத் தாயை அத்தனை நாளும் கட்டிப்போட்டது.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டார்: "மொதல்ல இருமுன அன்னைக்குப் பிள்ள என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" அந்தப் பெண் யோசித்துப் புளி தட்டியதைச் சொன்னார். மருத்துவரின் முகம் மாறிற்று. குழந்தை மூச்சை வெளியே விடும்போது இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். வலப்பக்க நுரையீரலில் காற்று வெளியேறாமல் அடைபட்டிருப்பது அதில் தெரிந்தது. உடனே மதுரைக்கு அனுப்பினார். அங்கே மூச்சுக்குழலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் புளியங்கொட்டையை எடுத்தார்கள். இடப்பக்கக் கிளையைவிட வலப்பக்க மூச்சுக்கிளை அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் இத்தகைய பொருள்கள் அங்கேயே அதிகம் சிக்குகின்றன என்பதைப் பின்னர் நூலகத்தில் படித்தேன்.

முதல் படம் பொய் சொல்லவில்லை. அதனிடம் யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பிறக்க ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்று தாய்க்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் முதலில் ஆளில்லை.

கைவிளக்கும் கதிரும்

காதுக்கு வருவோம். காதில் சீழ் வடியும் பிள்ளைகள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. காதின் பின்னேயுள்ள எலும்பைப் பார்க்க 'ஷுல்லர்' நிலை என்ற எக்ஸ்ரே முறை ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. வியன்னா நகரத்து மருத்துவர் ஒருவர் பெயரால் அது வழங்குகிறது. தேன்கூடு போன்ற காற்றறைகள் அந்த எலும்பில் இருக்கும். நெடுநாள் நோயில் அவை மங்கியோ இறுகியோ போயிருப்பதைப் படம் காட்டும். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. காதைத் துடைத்து விளக்கடித்துப் பார்க்கும் கண்ணே அதைச் சொல்லும். மூக்கில் அடிபட்டாலும் இதே நிலை. மூக்கு வளைந்திருக்கிறதா, மூச்சு அடைக்கிறதா, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. எலும்பு முறிவைப் படத்தில் தேடுவது அதற்கு ஈடாகாது.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார்: "இதெல்லாம் பழைய கதை. இப்போது சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. கருவி வளர வளர மனிதன் சொல்லும் கதை எதற்கு?" வாதத்தில் பாதி உண்மை. காற்றறை நோய்க்கு, அதிலும் அறுவைக்கு முன்னர், சி.டி.யே இன்று ஏற்ற படம். சாதாரண எக்ஸ்ரேயின் இடம் சுருங்கிவிட்டது. நிழல்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் அந்தக் கருவியில் ஹவுன்ஸ்ஃபீல்டு முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-இல், லண்டனில். 1979-இல் கோர்மக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அதே 1971-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து நிழல்களிலிருந்து முழு உருவை மீட்டெடுக்கும் எளிய கணித முறையொன்றை வெளியிட்டார். அவ்விருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லாக்' வடிப்பான் என்று இன்றும் உலகம் அழைக்கிறது. இயற்பியல் பயிலும் தமிழ் மாணவர் நெஞ்சு நிமிர வேண்டிய செய்தி இது.

ஆயினும் மேலே சொன்ன ஜலதோஷ ஆய்வில் 31 பேருக்கும் எடுத்தது சி.டி.தான் என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். படம் தெளிவாகும்போது தெரிவன கூடுகின்றன. தெரிவன எல்லாம் நோய் ஆகிவிடுவதில்லை. நிழலில் கண்ட மயக்கம் தெளிந்த படத்திலும் தொடரவே செய்கிறது.

"கருவி பொய் சொல்லாதே" என்றார் நண்பர். கருவி சொல்லாது, படிப்பவர் மாறலாம். 1947-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மார்பு எக்ஸ்ரே படங்களைத் தேர்ந்த மருத்துவர் ஐவரிடம் தனித்தனியே கொடுத்துக் காசநோய்க்குப் படிக்கச் சொன்ன ஆய்வு வெளியாயிற்று. ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. அதைவிட வியப்பு, சில காலம் கழித்து அதே படத்தை மீண்டும் கொடுத்தபோது, முன்பு தாம் சொன்னதற்கே சிலர் மாறாகச் சொன்னார்கள். பல்லாண்டு பயின்றவர்களுக்கே இந்நிலையென்றால், கைப்பேசித் திரையில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து "வலப்பக்கம் கொஞ்சம் வெள்ளையா இருக்கு அத்தை" என்று நாம் சொல்வதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அந்தச் சொல் ஓர் இரவு முழுவதும் ஒரு குடும்பத்தைத் தூங்கவிடாது. அல்லது போக வேண்டிய மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்துவிடும்.

நால்வரில் ஒருவர்

என் தந்தை நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இறுகிப்போன பூட்டைக் கொண்டுவந்து யாராவது நீட்டினால் உடனே அதைக் கழற்ற மாட்டார். "எப்ப இருந்து இப்பிடி? மழையில கெடந்துச்சா? வேற சாவி போட்டுத் திருப்புனீங்களா?" என்று கேட்டபின்பே அரத்தைக் கையில் எடுப்பார். உள்ளே இருக்கும் நெம்புகோல்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது. பூட்டுக்காரர் சொல்லும் கதையே அவருக்கு வெளிச்சம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மனித உடலுக்குக் காட்டக் கூடாதா?

"ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவருக்குக் கதை கேட்க நேரமேது?" என்பார்கள். நியாயமான கேள்வி. அவர்மீது பழி போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். நால்வகையில் நான்காமவர் யார்? எழுத்தறியாத தாயின் கூடப் போய் வரிசையில் நிற்கும் நாம்தாம். மருத்துவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடமென்றால், அந்த இரண்டு நிமிடமும் வீணாகாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது.

அதற்கு நான் சொல்லும் வழி எளியது. மருத்துவமனைக்குப் புறப்படும் முன் அரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தொல்லை என்று தொடங்கியது, எந்தப் பக்கம், தொடங்கிய நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார், காய்ச்சல், சீழ், நாற்றம், இரத்தம் உண்டா, என்ன வேலை செய்கிறார், எந்தத் தூசியில் நிற்கிறார், இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார். பெண்ணாயின் கருவுற்றிருக்கிறாரா என்பதைக் கதிர் அறைக்குள் போகுமுன் சொல்லுங்கள். பழைய படங்களைத் தேதி எழுதிப் பாதுகாத்து உடன் கொண்டுபோங்கள். நேற்றைய நிழலோடு ஒப்பிட்டால்தான் இன்றைய நிழலில் வந்த மாற்றம் தெரியும். படம் எடுத்தபின் மருத்துவரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள்: "இதில் எதைத் தேடினீர்கள் ஐயா, அது தெரிந்ததா, தெரியாமற்போக வாய்ப்புண்டா?" இதைக் கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை.

மருத்துவப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். எக்ஸ்ரே சீட்டில் 'சைனஸ்', 'மார்பு' என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல் நோயாளியின் குறையையும் ஒரு வரி எழுதுங்கள். படம் எடுப்பவரும் அறிக்கை எழுதுபவரும் பெரும்பாலும் நோயாளியிடம் பேசுவதில்லை. உங்கள் ஒரு வரியே அவர்களுக்குக் கதை. படத்தை ஒரு கணம் நோயாளிக்கும் காட்டுங்கள். காசு கொடுத்தும் கால்கடுக்க நின்றும் அவர் வாங்கியது அது.

2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. நம் வயதுடைய மாணவர்கள் நம் ஊரிலேயே படம் படிக்கப் பயில்கிறார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அனுமதி பெற்று, வாரம் ஒரு நாள் புறநோயாளிகள் வரிசையில் அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களின் கதையைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன? கோயில் வளாகத்தைக் கூட்டுவதற்கும் மரக்கன்று நடுவதற்கும் அது எவ்விதத்திலும் தாழ்ந்த தொண்டன்று. இயற்பியல் மன்றத்தில் ஒரு மாலை கதிரியல் மருத்துவர் ஒருவரை அழைத்து, வெளிச்சப் பெட்டியின்முன் நம்மை நிறுத்தும்படி பேராசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அணு எண்ணின் மூன்றாம் அடுக்கு என்று தேர்வுக்கு எழுதுவது அப்போது நம் மனத்தில் உருவம் பெறும்.

படிப்பு நமக்குத் தந்திருப்பது எழுத்து. நம் தாயும் தந்தையும் தந்திருப்பது அவர்களுடைய பேச்சு. மருத்துவமனை வாசலில் இவ்விரண்டும் சேர வேண்டும். அடுத்த முறை அத்தை உறையை நீட்டும்போது அதை வாங்கிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, "மொதல்ல இருந்து சொல்லுங்க அத்தை" என்று கேளுங்கள்.